சீனியின் வீட்டில் கப்பல்

எங்கள் வீடுகளில் பூனையை யாரும் வாங்குவதில்லை. அது வரும். ஒருநாள் குசினி வாசலில் நிற்கும். மறுநாள் மீன் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கும். ஒரு மாதம் போனால் வாப்பாவின் சாய்வுக் கதிரையில் அது தூங்கிக்கொண்டிருக்க, வாப்பா பக்கத்தில் ஸ்டூலில் இருந்து பத்திரிகை படிப்பார். கொட்டாஞ்சேனையில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் பூனைகள் அப்படித்தான் இருந்தன. எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஓர் இரவு முழுக்கக் கூரையில் நின்று கத்தும். உம்மா ஒரு செம்புத் தண்ணீரை மேலே வீசுவார். சத்தம் நிற்கும். விஷயம் அத்தோடு முடிந்தது.

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தது அந்த வீடு. ஒழுங்கையின் ஓட்டுக் கூரைகளெல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும். ஒரு பூனை விரும்பினால் தரையில் கால் வைக்காமலே, புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் பெரிதாகத் தெரியும் தூரம் வரை போய்வரலாம். துறைமுகம் கிட்ட என்பதால் எலிக்குப் பஞ்சமில்லை. 1914 இல் ப்ளேக் நோய் கொழும்புக்குள் நுழைந்ததும் துறைமுகத்தின் வழியாகத்தான். அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்கள் உம்மும்மாவுக்குப் பூனை என்பது செல்லப்பிராணி அல்ல, காவலாளி. அதற்குப் பெயரும் கிடையாது. எல்லாம் ‘பூசி’தான்.

1998 இல் நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தோம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, மூன்றாம் மாடியில் ஒரு பிளாட். இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு சின்னப் பல்கனி. போகவர ஒரே ஒரு கதவு. பூனைகளுக்கிடையில் சமாதானம் செய்து வைத்தது உம்மாவின் செம்புத் தண்ணீர் அல்ல, அந்த ஓட்டுக் கூரைகள்தான் என்பதை இந்தப் பிளாட்டில்தான் கண்டேன். விலகிப் போக இடமிருந்தால் சண்டை ஓர் இரவில் முடியும். இடமில்லாவிட்டால் அது வேறு விதமாகப் போகும்.

சீனி 2012 இல் வந்தது. மாடிப்படிக்குக் கீழே மின்சார மீட்டர்கள் இருக்கும் மூலையில் கத்திக்கொண்டிருந்ததாம். மஃரிபு தொழுதுவிட்டு வந்த வாப்பா அதைச் சாரன் மடிப்பில் போட்டுக்கொண்டு வந்தார். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடுகள், வயிறு மட்டும் வெள்ளை. அப்போது வாப்பாவுக்குச் சீனி வருத்தம் கண்டுபிடித்து ஒரு கிழமை. “டொக்டர் சீனிய வேணாம் எண்டாரு, அல்லாஹ் அனுப்பி வெச்சீக்கான்” என்று அவரே பெயரும் வைத்தார். ஆறாம் மாதத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். அதன் பிறகு சீனி இந்தப் பிளாட்டை விட்டு வெளியே போனதெல்லாம் மிருக வைத்தியரிடம் மட்டும்தான்.

வாப்பா 2017 இல் மௌத்தானார். அவருடைய உடுப்புகளை உம்மா ஒவ்வொன்றாக மடித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். நீலக்கோடு போட்ட ஒரு சாரனை மட்டும் கொடுக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்றைக்கு அதன் மேல் சீனி படுத்திருந்தது. எழுப்ப மனமில்லாமல் விட்டார். அதன் பிறகு சாரன் உம்மாவின் கட்டில் கால்மாட்டுக்குப் போனது, சீனியும் போனது. 2022 இல் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களிலும், கேஸ் இல்லாமல் மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரும்பிய நாட்களிலும், கடையில் பூனைத்தீன் கண்ணில் படாமல் சாளை மீனை அவித்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்த நாட்களிலும், அந்தக் கால்மாட்டில் அது கிடந்தது. உம்மாவுக்கு எண்பது. இரவில் அவர் எழும்பினால் சீனியும் எழும்பும். அவர் தஹஜ்ஜுத் தொழுது முடியும் வரை முஸல்லாவின் ஓரத்தில் இருக்கும்.

இப்படி இரண்டு கிழவிகள் ஓர் ஒழுங்குக்கு வந்திருந்த வீட்டுக்குத்தான் 2023 செப்டெம்பரில் மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தது.

என் தாத்தா, அதாவது மூத்த சகோதரி, இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார். அவருடைய ஒழுங்கையில் குட்டி போட்டிருந்த ஒரு பூனையை புளூமெண்டால் வீதியில் கொள்கலன் லொறி ஒன்று அடித்துவிட்டது. மூன்று குட்டிகள். தாத்தா பால் புகட்டிப் பார்த்தார், பிறகு மீனைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒன்று மிஞ்சியது. தாத்தாவுக்கு ஆஸ்த்மா. பூனை ரோமம் பட்டால் மூன்று நாளைக்கு இன்ஹேலரும் கையுமாக இருப்பவர். “தங்கச்சி, ஒங்கட வீட்டில சும்மா ஒரு மூலேல ஈக்கட்டும். ரெண்டு நாள் அடிபடும், பொறகு சரியாகும்” என்று ரெலிபோனில் சொன்னார்.

பிஸ்கட் பெட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வருமுன் வைத்தியரிடம் போனேன். எழுநூற்றி இருபது கிராம். ஒன்பது வாரம் இருக்கும் என்றார். தெள்ளு நிறைய, வயிற்றில் பூச்சி, ஒரு கண்ணில் பீளை. முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரத்தில் இரண்டாவது, மூன்று மாதம் கழிந்ததும் விசர்நாய் நோய்க்கு. குட்டிகளை இரண்டொரு நாளில் கொண்டுபோகும் பன்லூக்கோபீனியா என்ற வைரஸைப் பற்றியும் சொன்னார். பார்வைக்குச் சுகமாகத் தெரியும் குட்டி அதைச் சுமந்துகொண்டிருக்கலாமாம். ஆகவே இரண்டு கிழமை தனி அறை, தனித் தட்டு, தனி மண்தட்டு. குட்டியைத் தொட்டால் கையைக் கழுவாமல் பெரியதைத் தொடக்கூடாது.

உம்மாவிடம் இதைச் சொன்னபோது, “எனத்துக்கு மகள்? பூனக்கும் கொரன்டீனா?” என்றார். 2020 இல் முன்வீட்டுக்காரர்களைத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றிய பஸ்ஸை இந்தப் பல்கனியில் நின்று பார்த்தவர் அவர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். செம்மஞ்சள் நிறம், உடம்பைவிடக் காது பெரிசு. “எங்கிருந்து வந்திச்சி? ஹாபர் பக்கத்தால. கப்பல்ல வந்ததாக்கும்.” அதுவே பெயராகிவிட்டது. கப்பல் என் அறைக்குள் போனது. கதவைச் சாத்தினேன்.

இங்கே கொஞ்சம் பூனைச் சரித்திரம் சொல்ல வேண்டும். உலகத்து வீட்டுப் பூனைகளெல்லாம் மேற்காசியாவின் ஒரு காட்டுப் பூனை இனத்திலிருந்து வந்தவை என்று 2007 இல் மரபணு ஆய்வொன்று காட்டியது. அதற்கு மூன்று வருடம் முன்பு, சைப்ரஸ் தீவில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு வருடப் பழைமையான கல்லறையொன்றில் மனிதனுக்கு அருகில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டெடுத்திருந்தார்கள். அந்தக் காட்டுப் பூனை கூட்டமாக வாழ்வதில்லை. தனக்கென ஓர் எல்லை, அந்த எல்லைக்குள் தனி வேட்டை. நாய் கூட்டத்தில் பிறந்த பிராணி. யார் பெரியவர், யார் சிறியவர் என்ற பேச்சுவார்த்தை அதன் இரத்தத்தில் இருக்கிறது. பூனைக்கு அந்தப் பேச்சுவார்த்தை தெரியாது. அதற்குத் தெரிந்தது விலகிப் போவது மட்டுமே. தானிய எலியைத் தேடி மனிதன் பக்கம் வந்து, உணவு தாராளமாகக் கிடைத்த இடங்களில் தாயும் மகளும் சேர்ந்து குட்டி வளர்க்கப் பழகியது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பூனையைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இன்றைக்கும் அதற்கு லேசில் வருவதில்லை.

தூரத்து உதாரணம் எதற்கு? எங்கள் வெள்ளவத்தைக் கால்வாய் தொடுத்திருக்கும் கொழும்பின் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனைகள் இருக்கின்றன. 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகாரம் பெற்றபோது இந்தச் சதுப்புகளைப் பற்றிப் பலரும் பேசினார்கள். அவற்றில் வாழும் மீன்பிடிப் பூனைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டி அவை போகும் வழிகளை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இத்தனை லட்சம் சனங்களுக்கு நடுவே, மதிலும் வடிகானும் தோட்டமுமாகத் தனக்கு ஒரு பாதையைப் போட்டுக்கொண்டு, இரவில் தனியாகத் திரிகிறது அது. சீனி அதற்குத் தூரத்துச் சொந்தம்தான். அதன் காடு எங்கள் பிளாட், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் காட்டின் எல்லையைச் சீனி வாசனையால் குறித்து வைத்திருந்தது. பூனையின் கன்னத்திலும் நாடியிலும் நெற்றியிலும் வாலடியிலும் பாதங்களிலும் சுரப்பிகள் உண்டு. அது வந்து நம் காலில் உரசுவதும், கதவு நிலையில் கன்னத்தைத் தேய்ப்பதும் அந்த வாசனையைப் பூசத்தான். நமக்கு அது மணக்காது. சீனிக்கோ சோபாவின் மூலை, குளிர்சாதனப் பெட்டியின் விளிம்பு, உம்மாவின் கட்டில் கால், என் கைப்பை எல்லாம் சேர்ந்து ஒரு காணி உறுதி. பதினொரு வருடமாக நாள்தோறும் கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்து வந்த உறுதி. அதன் நடுவில் திடீரென்று யாரோ ஒருவரின் மணம்.

முதல் நாள் சீனி என் அறைக் கதவடியில் வந்து நின்றது. கீழ் இடுக்கில் மூக்கை வைத்தது. வாயைக் கொஞ்சம் திறந்து, மேலுதட்டைச் சுழித்து, ஏதோ யோசிப்பது போல அப்படியே நின்றது. அண்ணத்தில் உள்ள ஒரு தனி உறுப்புக்கு மணத்தை அனுப்பிப் பரிசோதிக்கும் வேலையாம் அது. பிறகு பின்னால் பாய்ந்து சீறியது. அன்று பின்னேரம் என் கையைப் பார்த்தும் சீறியது. பதினொரு வருடத்தில் முதல் தடவை. கழுவிய கைதான்.

நாங்கள் விருந்தாளிக்கு மரியாதை செய்யப் பழகிய சனம். வந்தவருக்குத்தான் நல்ல கதிரை, நல்ல பீங்கான், சவனில் முதல் கை. குட்டி வந்த வீட்டிலும் அதுதான் நடக்கிறது. எல்லோரும் குட்டியைச் சுற்றி நிற்பார்கள், படம் எடுப்பார்கள், மடியில் வைப்பார்கள். பழையதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது சீறினால் பொறாமை என்று சொல்லிவிடுவார்கள். பொறாமை என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டுக்காரர் கேட்கும் நியாயமான கேள்வி அது. ஒன்பது வாரக் குட்டிக்கு எந்த வீடும் வீடுதான், ஒரு மூலையும் ஒரு கிண்ணமும் போதும். விளக்கம் சொல்லப்பட வேண்டியது கிழவிக்கு. ஆகவே என் வீட்டில் முதல் தட்டு சீனிக்கு, முதல் தடவல் சீனிக்கு, என் அறைக்குள் போவது அது தூங்கிய பிறகு என்று வைத்துக்கொண்டேன்.

மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் சீனிக்கு மீன் தலை அனுப்புபவர். “பூனைக்கு ஆள் முக்கியமில்லைப் பிள்ளை, வீடுதான் முக்கியம்” என்றார். பாதி உண்மை. சீனிக்கு வீடு என்பதில் உம்மாவும் அடக்கம், வாப்பாவின் சாரனும் அடக்கம்.

கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வைத்தேன். இந்தப் பக்கம் சீனி, அந்தப் பக்கம் கப்பல். முதலில் கதவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி. அந்நிய மணம் வரும் நேரத்தில் வயிற்றுக்கு நல்லது ஒன்றும் வருகிறது என்று பூனையின் மனதில் பதிய வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். சீனி தின்றால் அடுத்த நாள் அரை அடி கிட்ட. தின்னாவிட்டால் பழையபடி ஓர் அடி பின்னால். ஐந்தாம் நாள் மூன்று அடி வரை வந்துவிட்டது. சீறல் குறைந்திருந்தது.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தாத்தா வந்தார். முகக்கவசமும் போட்டுக்கொண்டு, குட்டிக்கு ஒரு மணிக் கயிறும் வாங்கிக்கொண்டு. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு கேட்ட சத்தத்தைப் பூனைச் சத்தம் என்று சொல்ல வராது. கப்பல் வாலைத் தூக்கிக்கொண்டு நேரே சீனியிடம் ஓடியிருக்கிறது. தாயைத் தேடும் வயது. சீனி கதிரைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. விலகிப் போக வழியில்லை. ஒரு அறை விட்டது. கப்பலின் மூக்கில் ஒரு கீறல், ஒரு துளி இரத்தம். பெரிய காயம் இல்லை. கப்பல் ஒரு நிமிடத்தில் எல்லாம் மறந்து தாத்தாவின் முந்தானையோடு விளையாடத் தொடங்கியது. சீனி உம்மாவின் அலுமாரிக்குப் பின்னால் போய் நுழைந்தது.

“பாத்துப் பழகினாத்தானே பழகும்” என்றார் தாத்தா. “எங்கட வீட்டில எத்தன பூன ஈந்திச்சி. ஒண்டயாவது கதவு சாத்தி வளத்தமா?”

நான் பதில் சொல்லவில்லை. எங்கட வீட்டுக்குக் கூரை இருந்தது தாத்தா என்று சொல்ல நினைத்தேன். அவருக்கு அதற்குள் இழுப்புத் தொடங்கிவிட்டது.

சீனி அன்றிரவு வெளியே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அலுமாரிக்குப் பின்னால் தட்டை வைத்தேன், தொடவில்லை. தண்ணீர் மட்டும் இரவில் கொஞ்சம் குறைந்திருந்தது. உம்மா கட்டிலில் இருந்து தஸ்பீஹை உருட்டிக்கொண்டு அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தானும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் இஷாவுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“மகள், அந்தக் குட்டிய கொண்டுபோய் உட்டுருங்க. அதுக்கு அல்லாஹ் ஈக்கான். சீனிக்கு ஒண்டு நடந்தா எனக்குத் தாங்கேலா.”

விடுவதென்றால் எங்கே? தாத்தாவின் ஒழுங்கையில்தான். அங்கிருந்து லொறி போகும் வீதி நூறு யார். எழுநூற்றி இருபது கிராம். உம்மாவுக்கும் அது தெரியும். ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதையை எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தவரே அவர்தான். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விடிந்ததும் வைத்தியரிடம் போனேன். அவர் குட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. சீனி எத்தனை மணி நேரமாகச் சாப்பிடவில்லை என்றுதான் முதலில் கேட்டார். கொஞ்சம் பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் இறங்குமாம். ஈரல் அதைத் தாங்காது. மனிதனைப் போலப் பூனை பட்டினி தாங்கும் என்று நினைக்கக் கூடாது என்றார். சீனி அப்போது ஐந்து கிலோ. அன்று ராத்திரிக்குள் தின்னாவிட்டால் கொண்டுவரச் சொன்னார். மீனை அவித்து இளஞ்சூட்டில் கொடுக்கச் சொன்னார், சூட்டில் மணம் கிளம்பும். அலுமாரியிலிருந்து இழுத்தெடுக்க வேண்டாம். குட்டி இருக்கும் அறையைப் பழையபடி சாத்திவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குங்கள், இந்த முறை இன்னும் மெதுவாக என்றார். இன்னொன்றும் சொன்னார். பெரியதன் மணம் ஊறிய துணியைக் குட்டிக்கும், குட்டி படுத்த துணியைப் பெரியதற்கும் கொடுங்கள். முகம் பார்க்குமுன் மணம் பழகட்டும்.

சூடை மீனை அவித்து, முள் எடுத்து, அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உம்மா தரையிலேயே இருந்தார். மூட்டு வலிக்காரர். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் சாம்பல் நிறத் தலை வெளியே வந்தது. இரண்டு மீன். அதற்கு மேல் இல்லை. ஆனால் தின்றது.

துணிதான் பிரச்சினையாயிற்று. சீனியின் மணம் ஊறிய துணி என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. நான் அதைக் கேட்கவில்லை. பழைய காலுறை ஒன்றைச் சீனியின் கன்னத்தில் தேய்த்து எடுத்தால் போதும் என்றுதான் உம்மாவிடம் சொன்னேன். சீனி இருந்த நிலையில் கன்னத்தைத் தொட விடாது என்பது அவருக்கும் தெரிந்தது. அடுத்த நாள் நான் சந்தைக்குப் போய் வந்து பார்க்கையில் உம்மா கட்டிலில் இருந்தார். தையல் பெட்டிக் கத்தரிக்கோல் மடியில். நீலக்கோட்டுச் சாரன் இரண்டு துண்டாக இருந்தது. வெட்டிய ஓரம் நூல் பிரியாமல் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

“பெரிய துண்டு சீனிக்கு” என்றார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சின்னத் துண்டைக் கப்பலின் பெட்டியில் போட்டேன். மூன்று நாளைக்கு ஒருதரம் இரண்டையும் மாற்றினேன். முதல் தடவை குட்டியின் மணத்தோடு திரும்பிய துண்டைச் சீனி முகர்ந்து பார்த்துவிட்டு, அதிலிருந்து தள்ளி வெறும் மெத்தையில் படுத்தது. இரண்டாம் தடவை அதன் ஓரத்தில். நான்காம் தடவை நடுவில்.

மற்ற வேலைகளும் நடந்தன. தச்சு வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு என் அறைக் கதவுக்கு நுளம்பு வலை அடித்த ஒரு சட்டம் செய்வித்தேன். கதவைத் திறந்தாலும் வலை நடுவில் நிற்கும். அவரிடமே சுவரில் நான்கு பலகைகள் அடிக்கச் சொன்னேன். சோபாவுக்கு மேல் ஒன்று, அதற்குக் கொஞ்சம் உயரத்தில் ஒன்று, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், கடைசியாக உம்மாவின் அலுமாரி உச்சிக்கு. ஹோலின் ஒரு பக்கத்திலிருந்து உம்மாவின் அறைக்குத் தரையில் இறங்காமலே போகலாம். புத்தகம் வைக்கவா என்று கேட்டார் அவர். பூனை நடக்க என்றேன். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார், கொடுத்தேன். பலகைகளில் கொஞ்சம் மீன் தூளைத் தூவி வைத்தேன். கிழவிக்குப் பாய்ச்சல் குறைவு, ஆகவே படிபோலக் கிட்டக்கிட்டத்தான் அடித்திருந்தது. மூன்றாம் நாள் சீனி மேலே ஏறிப் படுத்துக்கொண்டு எங்களைக் கீழே பார்த்தது.

மண்தட்டும் மூன்றாயிற்று. இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்காம். தச்சுப் பட்டறையில் மரத்தூள் இலவசமாகக் கிடைத்ததால் செலவில்லை, பெருக்குவது மட்டும்தான் கஷ்டம். வெளிநாட்டில் பூனைக் கன்னத்து வாசனையைச் செயற்கையாகச் செய்து, சுவர்ப் பிளக்கில் மாட்டும் குப்பியாக விற்கிறார்கள். அதன் விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு இரண்டு பூனையும் இரண்டு மாதம் சாப்பிடும்.

வலைக்கு இரண்டு பக்கமும் வைத்துச் சாப்பாடு கொடுத்தது நாலாம் கிழமை. முதல் நாள் ஒரு நிமிடம், பிறகு கதவைச் சாத்திவிடுவேன். சீறல் வருமுன் சாத்துவதுதான் முக்கியம். வந்த பிறகு சாத்தினால், சீறினால் கதவு மூடும் என்று சீனி படித்துவிடும். ஆறாம் கிழமைதான் வலையை எடுத்தேன். அதற்கு முன் அரை மணி நேரம் கப்பலை நூல் பந்தோடு ஓட விட்டுக் களைக்கச் செய்தேன். குட்டியின் துள்ளலைத்தான் கிழவிக்குத் தாங்க முடியாது, குட்டியை அல்ல. வெளியே வந்த கப்பல் பழைய ஞாபகத்தில் நேரே போகப் பார்த்தது. சீனி ஒரு பலகை மேலே ஏறியது. அவ்வளவுதான். சீறவும் இல்லை. கப்பல் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் வாலோடு விளையாடப் போய்விட்டது.

உம்மா மட்டும் கப்பலோடு ஒட்டவில்லை. கேட்டால் தட்டு வைப்பார், தடவ மாட்டார். ஒருநாள் அஸருக்கு வுழூ செய்யப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். கப்பல் வாளியின் விளிம்பில் முன்கால்களை ஊன்றிக் குடித்துக்கொண்டிருந்தது. சீனி சின்னதில் செய்த அதே வேலை. உம்மா வாளியைப் பிடித்துக் கொஞ்சம் சரித்துக் கொடுத்தார். அபூ கதாதா என்ற ஸஹாபி, வுழூவுக்கு வைத்த பாத்திரத்தைப் பூனைக்காகச் சரித்துக் கொடுத்ததும், வியந்து பார்த்த மருமகளிடம் பூனை அசுத்தம் இல்லை, வீட்டுக்குள் நம்மோடு திரியும் பிராணி என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னதும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. உம்மா ஹதீஸ் எதுவும் சொல்லவில்லை. அது குடித்து முடிந்ததும், மிச்சத் தண்ணீரிலேயே வுழூ செய்துகொண்டு தொழப் போனார்.

இரண்டும் சிநேகிதமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. ஒன்றையொன்று நக்கிக்கொண்டு சுருண்டு படுக்கும் படங்களைப் பார்த்துவிட்டு அதையே எதிர்பார்க்கிறோம். கிழப் பூனை வயதில் வந்த குட்டியோடு அப்படிப் பழகுவது அபூர்வம். இங்கே நடப்பது வேறு. உம்மாவின் கட்டிலில் கால்மாட்டில் பெரிய துண்டு, தலைமாட்டு ஸ்டூலில் சின்னத் துண்டு. நடுவில் உம்மா. விடியப்புறம் சில நாள் குளிர்காற்று அடித்தால் கப்பல் இறங்கிப் பெரிய துண்டின் விளிம்பு வரை வரும். சீனி கண்ணைத் திறந்து பார்க்கும், மூடும். பின்னேரம் ஒருதரம், ஏறக்குறைய ஐந்து மணிக்கு, குசினி வாசலில் வைத்துக் கப்பலுக்கு ஓர் அறை விழும். நகம் இல்லாத அறை. கப்பல் அதைக் கேட்டு வாங்குவது போல அந்த நேரத்தில் அங்கே போய் நிற்கிறது.

கப்பலுக்கு ஆறு மாதத்தில் சத்திரசிகிச்சை முடிந்தது. பிறகு அது நாலரைக் கிலோவுக்கு வளர்ந்தது. சீனியை வருடத்துக்கு இரண்டு தரம் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன், இந்த வயதில் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் வைத்தியர். தாத்தாவோடு ஞாயிற்றுக்கிழமைக் கோபம் ஒரு மாதத்தில் தீர்ந்தது. இப்போது வந்தால் பல்கனியில் இருந்துகொண்டு, முகக்கவசத்தோடு, “எங்க என்ட புள்ள?” என்று கேட்பார். கப்பல் திரும்பியும் பார்க்காது.

போன கிழமை தாத்தா மறுபடியும் ரெலிபோன் எடுத்தார். ஒழுங்கைக் கடைசி வீட்டு மதிலுக்குப் பின்னால் ஏதோ கத்துகிறதாம், இரண்டு நாளாக. உம்மாதான் பேசினார். நான் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று காட்டினேன். உம்மா ரெலிபோனை என்னிடம் தராமல், குட்டிக்கு எத்தனை கிழமை இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.